குழாயில் வெந்நீர் சீக்கிரம் வர என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அப்படியிருந்தும் குழாயைத் திறந்தால் முதலில் ஏன் பச்சைத் தண்ணீர் வருகிறது?

ஹீட்டருக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள பைப்பில் எப்போதும் தண்ணீர் நிரம்பியிருக்கிறது. கடைசியாக நீங்கள் குழாயை மூடியபோது அது வெந்நீர்தான். மூடியபின் சுவருக்குள்ளேயே நின்று ஆறிவிட்டது. அடுத்த முறை திறக்கும்போது அந்த ஆறிய தண்ணீர் முழுவதும் வெளியே போன பிறகுதான் பின்னால் வரிசையில் நிற்கும் சூடான தண்ணீருக்கு முறை வரும்.

ஆகவே இது பெரும்பாலும் ஹீட்டரின் குறை இல்லை. நடுவில் எவ்வளவு தண்ணீர் தேங்கி நிற்கிறது என்பதுதான் விஷயம். இந்தப் பக்கத்தில் சொல்லும் வழிகள் எல்லாம் அதைச் சுற்றியே வரும். தேங்கும் தண்ணீரைக் குறைக்கலாம், ஆறாமல் பார்த்துக்கொள்ளலாம், திறப்பதற்கு முன்பே அதை வேறு பக்கம் நகர்த்தலாம், இல்லையென்றால் ஹீட்டரையே குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுவரலாம்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

முடியும். பைப்பின் உள்விட்டத்தை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, வரும் எண்ணை 0.0785-ஆல் பெருக்குங்கள். ஒரு மீட்டர் பைப்பில் எத்தனை லிட்டர் நிற்கிறது என்பது கிடைத்துவிடும். முக்கால் இன்ச் சிபிவிசி (வெந்நீருக்குப் போடும் பிளாஸ்டிக் வகை) பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 1.8 சென்டிமீட்டர். அப்படியானால் மீட்டருக்குக் கால் லிட்டர். ஹீட்டரிலிருந்து குழாய் வரை பைப் 15 மீட்டர் ஓடுகிறது என்றால் சுமார் 3.8 லிட்டர். குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வந்தால் காத்திருப்பு 38 வினாடி.

அதே 15 மீட்டரை அரை இன்ச் பைப்பில் போட்டிருந்தால் தேங்குவது 1.8 லிட்டர்தான், 18 வினாடியில் வெந்நீர் வந்துவிடும். ஒரு இன்ச் பைப் என்றால் 6 லிட்டருக்கு மேல் போய்விடும், ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பைப் கொஞ்சம் பெருத்தாலே தண்ணீர் இரட்டிப்பாகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

நடைமுறையில் இந்தக் கணக்கைவிடக் கூடுதலாகவே ஆகும். பைப்பும் சூடாக வேண்டுமே! இரும்பு ஜிஐ பைப் என்றால், உள்ளே நிற்கும் தண்ணீரைச் சூடாக்க வேண்டிய வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்த இரும்பைச் சூடாக்கவே தனியாகத் தேவைப்படும். பிளாஸ்டிக் வகைப் பைப்புகள் அவ்வளவு தின்னாது. தண்ணீர் மெதுவாக ஓடினால் சூடானதும் ஆறியதும் நடுவழியில் கலந்து, வெதுவெதுப்பாக இழுத்துக்கொண்டே வரும்.

சுவருக்குள் பைப் எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை. எப்படி அளப்பது?

ஒரு வாளி, லிட்டர் குறி போட்ட ஒரு கப், கைபேசியில் உள்ள கடிகாரம், இவ்வளவு போதும். சில மணி நேரம் யாரும் வெந்நீர் திறக்காத வேளையாகப் பாருங்கள். காலையில் எழுந்ததும் என்றால் நல்லது. ஹீட்டரில் தண்ணீர் முழுச் சூடாக இருக்கட்டும். வெந்நீரை மட்டும் முழுதாகத் திறந்து, வருவதை வாளியில் பிடியுங்கள். கையில் நல்ல சூடு பட்டதும் மூடிவிட்டு, எத்தனை லிட்டர், எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதை ஒவ்வொரு குழாயிலும் தனித்தனி வேளையில் செய்ய வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக உடனே செய்தால், பொதுவாக வரும் பைப் ஏற்கெனவே சூடாகியிருக்கும், கணக்குத் தப்பிவிடும்.

லிட்டரும் வினாடியும் வெவ்வேறு சேதி சொல்கின்றன. லிட்டர் அதிகம் என்றால் பைப் நீளம் அல்லது பருமன். லிட்டர் குறைவு, ஆனால் நேரம் அதிகம் என்றால் தண்ணீர் வரத்து மந்தம், அடைப்பைத் தேட வேண்டும். எதை நல்ல அளவு என்று கொள்வது? அமெரிக்க அரசின் வாட்டர்சென்ஸ் என்ற தண்ணீர்ச் சிக்கனத் திட்டம், தன் முத்திரை பெறும் புதிய வீடுகளுக்கு, ஹீட்டருக்கும் குழாய்க்கும் நடுவில் 1.9 லிட்டருக்கு மேல் தேங்கக் கூடாது என்று ஒரு அளவை வகுத்தது. எங்கே இருந்தாலும் இது எட்டிப் பிடிக்க வேண்டிய நல்ல இலக்கு. நாலு லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு ஐந்து முறை கொட்டினால் வருடத்துக்கு 7,300 லிட்டர் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது.

இன்னும் பெரிய ஹீட்டர் வாங்கினால் சீக்கிரம் வருமா?

வராது. பெரிய தொட்டி இருந்தால் அதிக நேரம் குளிக்கலாம், அவ்வளவுதான். முதல் சூடான சொட்டு கடக்க வேண்டிய தூரம் மாறவில்லை. சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்தாலும் பெரிய பலன் இல்லை. கை பொசுங்கும் ஆபத்துதான் கூடும்.

பிரஷர் பம்ப் வேறு கதை. வரத்து இரட்டித்தால் காத்திருப்பு பாதியாகும். ஆனால் கொட்டிப்போகும் தண்ணீர் அநேகமாக அதே அளவுதான். நேரம் மட்டும் மிச்சம்.

காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?

முதலில் மிக்ஸர் குழாயைப் பாருங்கள். ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரை நடுவில் வைத்துத் திறந்தால் வரும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி பச்சைத் தண்ணீர் லைனிலிருந்து வருகிறது. வெந்நீர் லைனில் பாதி வேகம்தான் ஓடுகிறது, காத்திருப்பு இரட்டிப்பாகிறது. வெந்நீர் வேண்டுமானால் கைப்பிடியை முழுக்கச் சூட்டுப் பக்கம் தள்ளி, முழுதாகத் திறங்கள். சூடு வந்த பிறகு உங்களுக்கு வேண்டிய பதத்துக்குக் கொண்டுவாருங்கள். சுடும் தண்ணீர் திடீரென்று வரும் என்பதால் சூடு வரும்வரை ஷவருக்கு அடியில் நிற்க வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஐந்து வினாடி கை கழுவ நடுவில் வைத்துத் திறந்தால் வெந்நீர் ஹீட்டரை விட்டுக் கிளம்பும், ஆனால் கைக்கு வந்து சேராது. பைப்பிலேயே ஆறிப்போகும். வெந்நீர் தேவைப்படாத வேலைக்குக் கைப்பிடியைப் பச்சைத் தண்ணீர்ப் பக்கமே வைத்துப் பழகுங்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம், குழாய் முனையில் உள்ள ஏரேட்டர் வலையையும் ஷவர் தலையையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் வெள்ளைப் படிவு கட்டி வரத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். வினிகரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளிப்பதும் உதவும். முதல் ஆளுக்கு மட்டும்தான் காத்திருப்பு.

கணக்குப்படி 30 வினாடி. ஆனால் மூன்று நிமிடம் ஆனாலும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கேதான் பலர் தேவையில்லாமல் ஹீட்டரை மாற்றுகிறார்கள்.

எங்கோ பச்சைத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் புகுகிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். மிக்ஸர் குழாய்க்குள் இரண்டு லைனும் சந்திக்கின்றன. உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜ் தேய்ந்துபோனால், குழாய் மூடியிருக்கும்போதும் அழுத்தம் அதிகமுள்ள லைனிலிருந்து மற்றதற்குத் தண்ணீர் கசியும். இன்னும் அதிகமாக நடப்பது இது: கையில் பிடிக்கும் ஷவரில் நிறுத்தும் பொத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பொத்தானை மட்டும் அமுக்கி நிறுத்திவிட்டு, சுவரில் உள்ள மிக்ஸரின் இரண்டு திருகுகளையும் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். அப்போது பச்சைத் தண்ணீர் லைனும் வெந்நீர் லைனும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. அடுத்த அறையில் யார் வெந்நீரைத் திறந்தாலும் பாதி இந்த வழியாக வரும். எங்கும் ஒரு சொட்டு ஒழுகாது, அதனால் கண்ணுக்கே தெரியாது.

கண்டுபிடிப்பது சுலபம். ஹீட்டரின் மின்சாரத்தை, கேஸ் ஹீட்டர் என்றால் கேஸை, நிறுத்துங்கள். ஹீட்டருக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடுங்கள். இப்போது ஒரு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். பைப்பில் மிச்சமிருப்பது கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் தண்ணீர் வேறு வழியாக வருகிறது என்று பொருள். ஆனால் அதற்கு முன் அந்த வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு மிக்ஸருக்கும் கீழே உள்ள ஆங்கிள் வால்வை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடியதும் ஓட்டம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கார்ட்ரிட்ஜை மாற்றினால் போதும்.

அங்கே குறை இல்லையென்றால் தொட்டி ஹீட்டருக்குள் பாருங்கள். சில ஹீட்டர்களில் உள்ளே வரும் பச்சைத் தண்ணீரை அடிப்பாகத்துக்குக் கொண்டுபோக ஒரு குழல் இருக்கும். அது உடைந்தால் பச்சைத் தண்ணீர் மேலேயே வெந்நீரோடு கலந்து வெளியேறும். வெந்நீர் வந்த வேகத்தில் ஆறிவிடுகிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். இதைப் பிரிப்பது மெக்கானிக் வேலை.

பைப்புக்கு ஃபோம் உறை போட்டால் சீக்கிரம் வருமா?

காலையில் முதல் முறை திறக்கும்போது பெரிய மாற்றம் தெரியாது. இரவு முழுவதும் நின்றால் உறை போட்ட பைப்பும் ஆறத்தான் செய்யும். பலன் தெரிவது இரண்டாவது, மூன்றாவது முறை திறக்கும்போது. உறை இருந்தால் தண்ணீர் ஆற ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். பாத்திரம் கழுவிவிட்டு அரை மணி கழித்து மறுபடி வந்தால் சூடு மிச்சமிருக்கும்.

வெளிச்சுவரில், மொட்டை மாடியில், காற்று படும் இடத்தில் ஓடும் பைப்புக்கு உறை கட்டாயம். உறை பைப்போடு ஒட்டி இருக்க வேண்டும், எல்போ, டீ போன்ற இணைப்புகளிலும் இடைவெளி விடக்கூடாது. வெயில் படுமானால் மேலே ஒரு பாதுகாப்புச் சுற்று வேண்டும், இல்லாவிட்டால் ஃபோம் பொடிப்பொடியாக உதிரும்.

ரிட்டர்ன் லைன், ரீசர்குலேஷன் என்கிறார்களே, அது என்ன?

கடைசிக் குழாய் வரை போகும் வெந்நீர் பைப்பை அங்கேயே முடித்துவிடாமல், அங்கிருந்து இன்னொரு மெல்லிய பைப்பை ஹீட்டருக்குத் திருப்பிக் கொண்டுவருவது. ஒரு சிறிய பம்ப் ஆறிய தண்ணீரை அந்த வழியாக ஹீட்டருக்கே திருப்பி அனுப்பும். நீங்கள் குழாயைத் திறக்கும்போது சூடு பக்கத்திலேயே காத்திருக்கும். ரிட்டர்ன் பைப்பில் தண்ணீர் தப்பான திசையில் ஓடாமலிருக்க நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். ஓட்டல்களில் எட்டாவது மாடியிலும் சட்டென்று வெந்நீர் வருவது இப்படித்தான்.

தொட்டி உள்ள ஹீட்டருக்கு இது இயல்பாகப் பொருந்தும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஹீட்டருக்குத் தண்ணீர் வரும் பக்கத்தில் புதிதாக நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால், சூட்டில் விரியும் தண்ணீருக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் சேஃப்டி வால்வு நல்ல நிலையில் இருக்க வேண்டும். அது சொட்டுகிறது என்று யாராவது அடைத்து வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். தொட்டி வெடிக்கக்கூடிய விஷயம் இது.

கட்டி முடித்த வீடு. ரிட்டர்ன் பைப் போடச் சுவரை உடைக்க முடியாது. வழி இருக்கிறதா?

இருக்கிறது. கடைசிக் குழாய்க்குக் கீழே வெந்நீர் லைனையும் பச்சைத் தண்ணீர் லைனையும் இணைத்து, பச்சைத் தண்ணீர் லைனையே ரிட்டர்னாகப் பயன்படுத்துவார்கள். இதில் இரண்டு வகை.

முதல் வகையில் இணைப்பில் வெப்பத்தை உணரும் வால்வு இருக்கும், பம்ப் ஹீட்டர் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் ஆறியிருந்தால் வால்வு திறந்து வழிவிடும், ஏறக்குறைய 35 முதல் 40 டிகிரி ஆனதும் மூடிக்கொள்ளும். குறை என்னவென்றால், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வெதுவெதுப்பாக வரும். குடிக்கவோ சமைக்கவோ அந்தத் தண்ணீரை எடுக்கும் வீட்டில் இது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு.

இரண்டாவது வகையில் பம்ப் அந்தக் கடைசி சிங்க்குக்கு அடியிலேயே இருக்கும். பொத்தானை அமுக்கினால் பம்ப் ஓடி, ஆறிய தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் லைனுக்குள் தள்ளும். சூடு வந்து சேர்ந்ததை சென்சார் உணர்ந்ததும் நின்றுவிடும். தண்ணீர் வீணில்லை, தேவைப்படும்போது மட்டும் ஓடுகிறது. கட்டி முடித்த பெரிய வீடுகளுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். சிங்க்குக்கு அடியில் ஒரு பிளக் பாயின்ட் மட்டும் வேண்டும். அது தண்ணீர் தெறிக்காத இடத்தில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் எர்த் கசிவுப் பாதுகாப்போடு இருக்கட்டும்.

பம்ப்பை நாள் முழுவதும் ஓடவிட்டால் என்ன? சின்ன பம்ப்தானே?

பம்ப் சின்னதுதான், சில பத்து வாட். செலவு அதில் இல்லை, பைப்பில் இருக்கிறது. உறை இல்லாத முக்கால் இன்ச் பைப்பில் 55 டிகிரி தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால், மீட்டருக்கு ஏறக்குறைய 20 வாட் வெப்பம் சுவருக்குப் போகும். போக 20 மீட்டர், வர 20 மீட்டர் என்றால் 800 வாட். 24 மணி நேரத்துக்கு 19 யூனிட்! ஒரு குடும்பம் குளிக்கத் தேவையானதைவிட அதிக மின்சாரம் சுவரைச் சூடாக்கப் போய்விடும்.

ஆகவே டைமர் வையுங்கள், அதைவிடப் பொத்தான் நல்லது. ரிட்டர்ன் லைன் உள்ள வீட்டில் போகும் பைப், வரும் பைப் இரண்டுக்கும் உறை போடாமல் பம்ப்பை இயக்கவே வேண்டாம்.

பம்ப் இல்லாமல் தானாகவே சுற்றாதா?

சுற்றும், ஹீட்டர் எல்லாக் குழாய்களுக்கும் கீழே இருந்தால். சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும். ரிட்டர்ன் பைப் எங்கும் மேடு தட்டாமல் சரிவாக இறங்க வேண்டும். ஆனால் இதை நிறுத்த முடியாது, இரவு பகலாகச் சுற்றி வெப்பத்தை இழக்கும். மேல் தளத்தில் ஹீட்டர் உள்ள வீட்டில் இது நடக்கவே நடக்காது.

இன்ஸ்டன்ட் ஹீட்டர் என்று பெயர். ஆனாலும் ஏன் தாமதம்?

தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது சூடாக்கவே ஆரம்பிக்கிறது. அந்தச் சில வினாடிகள் பைப் காத்திருப்புக்கு மேல் கூடுதல். குழாயை மூடி மூடித் திறந்தால் நடுவில் ஒரு மடக்கு பச்சைத் தண்ணீர் வந்து துணுக்குற வைப்பதும் இதனால்தான். வரத்து மிகக் குறைந்தால் சில மாடல்கள் பற்றிக்கொள்ளவே செய்யாது.

மின்சார வகையில் சக்தியும் ஒரு எல்லை. 3 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீரை 21 டிகிரி உயர்த்தும். 3 லிட்டர் ஓடவிட்டால் 14 டிகிரிதான். தூரத்தில் மாட்டி, மெல்லிய தாரையாகத் திறந்து காத்திருந்தால் பொறுமை போய்விடும். இந்த வகையைக் குழாய்க்கு ஒரு மீட்டருக்குள் மாட்டினால்தான் அர்த்தம். ரீசர்குலேஷன் பம்ப்போடு இணைக்க நினைத்தால், ஹீட்டர் தயாரிப்பாளர் அதை அனுமதிக்கிறாரா என்று கையேட்டில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

சிங்க்குக்கு அடியில் தனியாக ஒரு குட்டி ஹீட்டர் வைக்கலாமா?

ஒரே ஒரு குழாய்தான் தூரத்தில் இருக்கிறது என்றால் இதுவே நேரான தீர்வு. 5 முதல் 15 லிட்டர் வரை தொட்டி உள்ளது போதும். பெரிய ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீர் லைனையே இதற்குள் விட்டால் இன்னும் நல்லது. பைப்பில் ஆறி நிற்கும் தண்ணீர் வந்து தீரும்வரை குட்டித் தொட்டி தாங்கும், பிறகு பெரிய ஹீட்டரின் சூடே வரும், தண்ணீர் தீராது. பழுது பார்க்கக் கை நுழையும் இடமும், சேஃப்டி வால்விலிருந்து சொட்டுவது வடியும் வழியும் விட்டு மாட்டுங்கள்.

புது வீடு கட்டுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

வரைபடம் மேசையில் இருக்கும்போதே பேசிவிடுங்கள். குளியலறை, சமையலறை, துவைக்கும் இடம் மூன்றும் ஒரே சுவரின் இரு பக்கமாகவோ ஒன்றன்மேல் ஒன்றாகவோ அமைந்து, ஹீட்டர் அவற்றின் நடுவில் நின்றால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதி விஷயம் உங்களுக்குத் தேவைப்படாது. வீட்டின் ஒரு மூலையில் ஹீட்டர், எதிர் மூலையில் சமையலறை என்று அமைத்துவிட்டால் எந்தக் கருவியும் முழுதாக ஈடுகட்டாது.

அடுத்தது பைப் பருமன். "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லா இடத்திலும் முக்கால், ஒரு இன்ச் போடுவது பிளம்பர்களிடம் உள்ள பழக்கம். பொதுவான லைன் முக்காலாக இருக்கட்டும், ஒவ்வொரு குழாய்க்கும் பிரியும் கிளையை அரை இன்ச்சில் குட்டையாக முடியுங்கள். அதற்காக எல்லாவற்றையும் மெலிதாக்கியும் விட வேண்டாம். 15 மீட்டர் அரை இன்ச் பைப்பில் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓட, ஒரு மீட்டர் உயரத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்கு மேல் உராய்விலேயே போகும். மேல்நிலைத் தொட்டி ஷவருக்கு மேலே 2 மீட்டர்தான் என்றால், வளைவுகளிலும் ஷவர் தலையிலும் போக மிஞ்சுவது அற்பம்.

ஹீட்டர் பக்கத்தில் மானிஃபோல்டு (ஒரு லைனைப் பல கிளைகளாகப் பிரிக்கும் பாகம்) வைத்து ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி மெல்லிய பைப் இழுப்பது இன்னொரு முறை. தூரம் குறைவான வீட்டில் அருமையாக வேலை செய்யும். ஒரு குழாயில் வந்த சூடு அடுத்த குழாய்க்கு உதவாது என்பது அதன் குறை.

இப்போது தேவையில்லை என்று தோன்றினாலும் ஒரு ரிட்டர்ன் பைப்பைப் போட்டு இரு முனையையும் மூடி வையுங்கள். பூச்சு வேலைக்கு முன் எல்லாப் பைப்பையும் உறையோடு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர். கீழ்த் தளத்துக்கு வருவதற்குள் பொறுமை போகிறது.

மூன்று தளம் இறங்கும் ஒரு இன்ச் பைப்பில் 6, 7 லிட்டர் நிற்கிறது, வேறென்ன ஆகும்? முதல் வேலை மாடியில் வெளியே தெரியும் பைப்புக்கு நல்ல உறை. அடுத்து, கீழ்த் தளக் குளியலறையில் ஒரு சிறிய தொட்டி ஹீட்டரை சோலார் லைனின் கடைசியில் இணைப்பது. மேலிருந்து வருவது சூடாக இருந்தால் அதன் தெர்மோஸ்டாட் தானே அணைந்திருக்கும். சோலாரில் தண்ணீர் 70 டிகிரிக்கு மேலும் போகும், அந்தச் சூட்டைத் தாங்கும் ஹீட்டரா, தாங்கும் பைப்பா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சூட்டை எத்தனை டிகிரியில் வைப்பது? குறைத்து வைத்தால் மிச்சம்தானே?

லீஜனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய தண்ணீரில் பெருகும். அது கலந்த நீர்த்திவலையை ஷவரில் சுவாசித்தால் கடுமையான நிமோனியா வரலாம். அதனால் தண்ணீர் சேர்ந்து நிற்கும் தொட்டியை 60 டிகிரியில் வைப்பதே பாதுகாப்பு. ரீசர்குலேஷன் இருந்தால், சூடு வந்து சேர்ந்தபின் கடைசிக் குழாயிலும் 50 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். யாரும் பயன்படுத்தாத, முனை மூடிய பைப் துண்டுகளை வெட்டி எடுத்துவிடுவது நல்லது. முன்னே சொன்ன ரிட்டர்ன் பைப்பும் பயன்பாட்டுக்கு வரும்வரை லைனோடு இணையாமல், காலியாகவே இருக்கட்டும்.

ஆனால் 60 டிகிரி தண்ணீர் ஐந்தே வினாடியில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில், குளியலறைக்கு முன்னால், பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு போடுங்கள். வெந்நீர் சீக்கிரம் வரும்படி மாற்றிய வீட்டில் இது இன்னும் முக்கியம். பழைய பழக்கத்தில் "சூடு வர நேரமாகும்" என்று குழந்தையைக் குழாய்க்கு அடியில் நிறுத்திவிட்டுத் திறப்பார்கள்.

வாடகை வீடு. பைப்பைத் தொட முடியாது.

ஏரேட்டரைச் சுத்தம் செய்வது, மிக்ஸரைச் சரியாகத் திறப்பது, கை ஷவரின் திருகுகளை மூடி வைப்பது, இதற்கெல்லாம் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் பைப்புக்கு ஃபோம் உறை மாட்டலாம், போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வெந்நீர் வரும்வரை ஒரு வாளியைக் குழாய்க்கு அடியில் வையுங்கள், பிடித்த தண்ணீர் துணி அலசவும் தரை துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் ஆகும். சிங்க்குக்கு அடியில் பொத்தான் பம்ப் மாட்டுவது, ஆங்கிள் வால்வில் இணைக்கும் இரண்டு ஹோஸ்களோடு முடியும் வேலைதான், சுவரை உடைக்க வேண்டியதில்லை. வாளியில் பிடித்த லிட்டர் கணக்கை வீட்டுக்காரரிடம் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.